புறநகருக்குக் குடிபோகலாமா? வீடு தயார், ஊர் தயாரா?

பெருநகரத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை, அங்கிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி வேகமாக வளர்ந்துவரும் ஒரு புறநகரில் இதைவிடப் பெரிய வீடு கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணவன் மனைவி இருவருக்கும் வேலை நகரத்துக்குள். 11 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே வண்டி ஓட்டாத, வயதான அம்மா. "இன்னும் ஐந்து வருடத்தில் ரயில், மருத்துவமனை எல்லாம் வந்துவிடும் என்கிறார்கள், நம்பிப் போகலாமா?" என்பது உங்கள் கேள்வி. புறநகர் நல்லதா கெட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். வீடு இன்றைக்கே தயார், ஊர் இன்னும் தயாராகவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வருடங்களை எங்கள் குடும்பம் தாக்குப்பிடிக்குமா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் நகரத் திட்டமிடல் படித்து, போக்குவரத்தும் குடியிருப்பும் சேரும் இடத்தில் நெடுநாள் வேலை செய்தவன். வயலாகவோ தரிசாகவோ கிடந்த நிலம் குடியிருப்பாக மாறும்போது எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்பதைப் பார்ப்பதே என் பிழைப்பு. உங்கள் ஊரை நான் பார்த்ததில்லை, ஆகவே "போங்கள்", "போகாதீர்கள்" என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். வீட்டு விலை ஏறுமா என்பதையும் விட்டுவிடுகிறேன். அதை அடித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் கையில் விற்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாத விஷயம். அந்த வீடு ஏன் மலிவு? நகர மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக நிலத்தின் விலை குறையும், ஏனென்றால் தூரத்தில் இருக்கிறவர் மிச்சத்தைப் பயணச் செலவாகவும் பயண நேரமாகவும் கட்டுகிறார். வில்லியம் அலோன்சோ 1964இல் இதை முறையான பொருளாதாரக் கோட்பாடாகவே எழுதிவிட்டார். அப்படியென்றால் விலைக் குறைவு என்பது யாரும் கொடுத்த சலுகை அல்ல, பயணத்துக்கான ஈடு. அந்த ஈடு போதுமா என்பதுதான் கேள்வி. கோட்பாட்டின்படி போதும். ஆனால் புரூனோ ஃப்ரையும் அலோய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியில் ஆண்டுக்கணக்கில் சேகரித்த தரவுகளை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைவதையே கண்டார்கள். ஈடு முழுதாகக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இதை முடிந்த முடிவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனின் தரவுகளை வேறு முறையில் ஆராய்ந்த பிற்கால ஆய்வு ஒன்றில் அப்படிப் பொதுவான பாதிப்பு எதுவும் தென்படவில்லை. அதே நாட்டில் 2011இல் வந்த இன்னோர் ஆய்வோ நீண்ட பயணம் பெண்களின் மனநலத்தைப் பாதிக்கிறது, ஆண்களுக்கு அப்படித் தெரியவில்லை என்றது. வீட்டு வேலையும் பிள்ளைகள் பொறுப்பும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுவதை அதற்குக் காரணமாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். உங்கள் வீட்டில் இந்த முடிவை எடுப்பது யார், பயணத்தோடு சமையலறையையும் சேர்த்துச் சுமக்கப்போவது யார் என்று ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இப்போது அலுவலகத்துக்கு அரை மணி நேரம், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடுதல், போக வர 90 நிமிடம். மாதம் 22 வேலை நாள் என்றால் 33 மணி நேரம், இருவருக்கும் சேர்த்து 66. புதிதாகக் கிடைக்கும் அந்தக் கூடுதல் அறையில் உட்கார உங்களுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை இதை வைத்து யோசியுங்கள். வெறும் சராசரியும் போதாது. தினமும் ஒரே மாதிரி ஒன்றேகால் மணி என்றால் மனிதன் பழகிவிடுவான். ஒரு நாள் 50 நிமிடம், இன்னொரு நாள் இரண்டரை மணி என்று ஊசலாடினால் பழகவே முடியாது, மோசமான நாளை மனதில் வைத்தே தினமும் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பார்க்கப் போன நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலை, மழை நாள் மாலை, இந்த இரண்டும்தான் உண்மையான தூரம்.

விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று இருந்தால், நடந்தா, வண்டியிலா, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதற்கு ஒரு விதியே உண்டு: 80 மீட்டருக்கு ஒரு நிமிட நடை, மிச்சம் இருந்தால் அதையும் ஒரு நிமிடமாகவே கணக்கிட வேண்டும். நீங்களும் அதே கணக்கைப் போடலாம், 400 மீட்டர் என்றால் ஐந்து நிமிடம். ஆனால் அந்த விதி பாதி வழியில் நடைபாதை இருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, நடுவில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமா என்பதையெல்லாம் பார்ப்பதில்லை. அம்மாவின் நடை வேகத்தில் ஒரு முறை நடந்து பாருங்கள்.

அப்புறம், "வரப்போகிறது" என்கிற சொல். என் அனுபவத்தில் வளரும் புறநகரில் வரிசை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: மனைகள், வீடுகள், மின்சாரம், மளிகைக் கடை, தனியார் பள்ளி, மருந்துக்கடை இவை முதலில் வரும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருக்கு உடனே வருமானம் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பூங்கா, நூலகம், அடிக்கடி வரும் பேருந்து இவை பின்னால் வரும், ஏனென்றால் இவற்றுக்கு அரசோ உள்ளாட்சியோ பணம் போட வேண்டும், ஆள் நிறைந்த பிறகுதான் அவர்களுக்கு அழுத்தம் வரும். இதைத் தலைகீழாகச் செய்த இடங்களும் உண்டு. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் புறநகரான வெல்லிங்பியில் மெட்ரோ 1952இலேயே ஓடத் தொடங்கியது, அந்தப் புறநகரின் மையம் திறக்கப்பட்டது 1954இல். கோபன்ஹேகன் 1947இல் போட்ட "ஐந்து விரல்" திட்டத்தில் ரயில் பாதைகளை ஒட்டியே வீடுகள் பரவ வேண்டும், விரல்களுக்கு நடுவில் பசுமை நிலம் இருக்க வேண்டும் என்று முதலிலேயே கோடு கிழித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்திலும் எல்லாமே நினைத்தபடி நடந்துவிடவில்லை. வெல்லிங்பியில் வீடும் வேலையும் கடைத்தெருவும் ஒரே இடத்தில் என்று கனவு கண்டார்கள், ஆனால் பெரும்பாலோர் வேலைக்கு வேறு பகுதிகளுக்குத்தான் போனார்கள்.

ஆகவே ரயில் விஷயத்தில் நான் கேட்கும் கேள்விகள் இவை: நிலம் கையகப்படுத்தி முடித்தாகிவிட்டதா? பணம் ஒதுக்கியாகிவிட்டதா? ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டாரா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் நம்பலாம், அதிலும் சொன்ன தேதிக்கு மேல் சில வருடங்கள் கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் அறிவிப்பு மட்டும் என்றால் அதை வராத ஒன்றாகவே வைத்து முடிவெடுங்கள், வந்தால் லாபம். இது என் அவநம்பிக்கை மட்டுமல்ல. பென்ட் ஃப்ளிவ்பியர்க் குழுவினர் 20 நாடுகளைச் சேர்ந்த 258 போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பிட்ட செலவைத் தாண்டியிருந்தன. ரயில் திட்டங்களில் சராசரி மிகைச்செலவு சுமார் 45 சதவீதம். செலவு தாண்டும்போது பணம் தேடி வேலை நிற்கும், தேதி தள்ளும். உங்கள் மூத்த பிள்ளைக்கு 11 வயது. சொன்ன ஐந்து வருடத்தில் வந்தாலே அவருக்கு 16 ஆகிவிடும், எட்டு வருடமானால் பள்ளியே முடிந்திருக்கும். சின்னவருக்கு அந்த ரயில் பயன்படும், பெரியவருக்குப் பயன்படாது. நல்ல ஊராக மாறப்போகும் இடம் என்று எல்லோரும் சொல்லும்போது, அது யாருடைய எந்த வயதில் மாறும் என்று நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும்.

சாலையை அகலப்படுத்துகிறார்கள், நெரிசல் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். பெருநகர விரைவுச்சாலைகளில் கூட்ட நேர நெரிசல் புதிய கொள்ளளவுக்கு ஏற்ப ஏறிக்கொள்ளும் என்று ஆந்தனி டவுன்ஸ் 1962இலேயே எழுதினார். ஜில் டுரான்டனும் மேத்யூ டர்னரும் அமெரிக்க நகரங்களின் தரவைக் கொண்டு 2011இல் காட்டியதும் அதுதான்: நெடுஞ்சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது. முதல் ஒன்றிரண்டு வருடம் நன்றாக இருக்கும். அந்த நல்ல நேரத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆயிரம் குடும்பம் குடிவரும்.

இனி நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: தண்ணீர். வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவர், தளம், காற்றோட்டம் எல்லாம் பார்க்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. திறந்த மண்ணில் விழும் மழையில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். கூரையும் சிமெண்ட் தரையும் தார்ச்சாலையும் போட்ட பிறகு அது இறங்க இடமில்லாமல் மேலேயே ஓடும், வேகமாகவும் ஓடும். ஆகவே ஐந்து வருடத்துக்கு முன்பு தண்ணீர் தேங்காத தெருவில் இன்று தேங்கலாம். மழை கூடியிருக்க வேண்டியதில்லை, மேட்டுப் பக்கத்தில் புதிதாக வீடுகள் வந்திருந்தாலே போதும். "இங்கே தண்ணீர் நின்றதே இல்லை" என்று ஒருவர் சத்தியமாகச் சொல்லலாம், அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், ஆனாலும் அது அடுத்த மழைக்கு உத்தரவாதம் ஆகாது.

நேரில் போகும்போது சில விஷயங்களைக் கண்ணால் பாருங்கள். சுற்றுச்சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கலான கறைக்கோடு இருக்கிறதா, அந்தத் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் அதே உயரத்தில் இருக்கிறதா? மரக்கதவுகளின் அடிப்பாகம் உப்பியிருக்கிறதா? மின் மீட்டர் பெட்டியைச் சிலர் கழற்றி மேலே மாட்டியிருக்கிறார்களா? பழைய துளைகள் சுவரில் அப்படியே இருக்கும். வாசற்படி சாலையைவிட எவ்வளவு மேலே இருக்கிறது? பல ஊர்களில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவார்கள். சாலை உயர்ந்துகொண்டே வரும், வீடு அப்படியே நிற்கும், கடைசியில் வாசல் பள்ளமாகிவிடும். பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறவர் இதைப் பார்த்து இன்னும் இரண்டடி உயர்த்திக் கட்டுவார், அவர் மனையில் விழும் தண்ணீரும் பழைய வீட்டுக்குப் போகும். வாசலில் வடிகால் கட்டியிருந்தால் அதைப் பார்த்து நிம்மதி அடையாமல், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கூடவே நடந்து பாருங்கள். தெருமுனையில் காலி மனையில் முடிந்துவிடும் வடிகால்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மனையில் வீடு வந்ததும் வடிகாலுக்குக் கதி இல்லை.

குடிநீர் குழாயில் வருகிறதா, ஆழ்துளைக் கிணறா என்று கேளுங்கள். கிணறு என்றால் அக்கம்பக்கத்தில் பழையவர்களிடம் ஆரம்பத்தில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, இப்போது புதிதாகத் தோண்டுகிறவர்கள் எத்தனை அடி போகிறார்கள் என்று இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். மேலே மண் மூடப்பட்டுக் கீழே இறங்குவது குறைகிறது, அதே நேரத்தில் உறிஞ்சுகிறவர்கள் கூடுகிறார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி எந்த விளம்பரத்தையும்விட அதிகம் சொல்லும்.

நிர்வாகம் பற்றிச் சுருக்கமாக. பெருநகரத்தின் பெயரைச் சொல்லி விற்றாலும், நிலம் அந்த நகர எல்லைக்குள் இல்லாமல் ஒரு சின்ன உள்ளாட்சியின் கீழ் இருப்பது சகஜம். சில ஆயிரம் பேருக்கென்று அமைத்த அலுவலகம் பல பத்தாயிரம் பேருக்குக் குப்பை அள்ள வேண்டியிருக்கும். குடியிருப்பின் உட்சாலைகள் உள்ளாட்சியிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டனவா என்று அவசியம் கேளுங்கள். ஒப்படைக்கவில்லை என்றால் குழி விழுந்தாலும் விளக்கு அணைந்தாலும் பொறுப்பு யாருடையது என்பதே தகராறாகும். ஒரே சமயத்தில் போட்ட குழாயும் சாலையும் ஒரே சமயத்தில்தான் பழுதாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்து வருடம் செலவே இல்லாதது போலத் தெரியும், பிறகு எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும்.

இதேபோல மனிதர்களும் ஒன்றாகவே மூப்படைவார்கள். புதுக் குடியிருப்புக்குப் பெரும்பாலும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே வயதுப் பிள்ளைகளோடு வருவார்கள். முதலில் பள்ளியில் இடம் கிடைக்காது, இருபது முப்பது வருடத்தில் அதே பள்ளிக்குப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். டோக்கியோவை ஒட்டிய தாமா புதுநகரில் 1971இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். பிள்ளைகளால் நிறைந்திருந்த அங்கே பின்னாளில் பள்ளிகள் மூடப்பட்டன, மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடிகளில் மேல்தளத்து முதியவர்கள் படியேற முடியாமல் தவிக்கும் நிலை வந்தது. உங்களுக்கு இதில் உடனடிப் பாடம் ஒன்றுதான்: இப்போது பள்ளியில் இடம் கிடைக்குமா என்பதை வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பு உறுதி செய்யுங்கள். "பக்கத்திலேயே பள்ளி இருக்கிறது" என்பதும் "உங்கள் பிள்ளைக்கு இடம் இருக்கிறது" என்பதும் வேறு வேறு.

இதுவரை பயமுறுத்துவதாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. மறுபக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புறநகர் என்றாலே தனிமை, யாரும் யாரோடும் பேச மாட்டார்கள் என்று நகரவாசிகள் சொல்வது பெரும்பாலும் தவறு. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1958இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் புதிதாகக் கட்டிய லெவிட்டவுன் என்ற புறநகரில் முதலில் குடியேறியவர்களில் ஒருவராகப் போய் இரண்டு வருடம் வாழ்ந்தே பார்த்தார். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் திருப்தியாகவே இருந்தார்கள், அக்கம்பக்கத்தாரோடு நன்றாகவே பழகினார்கள். எல்லோரும் புதியவர்கள் என்பதால் எல்லோருக்கும் துணை தேவைப்பட்டது. ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் போக்கிடம் இல்லை, சலிப்பாக இருக்கிறது என்று சொன்னார்கள். இதை நான் நேரிலும் கண்டிருக்கிறேன். 5 வயதுக் குழந்தைக்குப் புறநகர் சொர்க்கம், தெருவில் சைக்கிள் ஓட்டும், பக்கத்து வீட்டில் தோழர்கள் இருப்பார்கள். 13 வயதில் அதே பிள்ளை எங்கே போவதென்றாலும் யாராவது வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். அம்மாவின் நிலையும் அதுதான். வண்டி ஓட்டாதவர்களின் கண்ணால் பார்த்தால் ஓர் ஊர் வேறு மாதிரி தெரியும். பகலில் நீங்கள் இருவரும் ஒன்றேகால் மணி தூரத்தில் இருக்கும்போது அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் யார் வருவார்கள், எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம்? இதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள பதில் கிடைக்காதவரை மற்றதெல்லாம் அப்புறம்தான்.

வீட்டிலிருந்தே வேலை செய்வது இந்தக் கணக்கை எல்லாம் மாற்றிவிடாதா என்று கேட்பீர்கள். மாற்றும். 2020க்குப் பிறகு அமெரிக்கப் பெருநகரங்களின் மையத்திலிருந்து வீட்டுத் தேவை சுற்றுப்புறங்களுக்கு நகர்ந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வாரத்தில் மூன்று நாள் வீட்டில் என்றால் மேலே போட்ட 33 மணி நேரம் 13 சொச்சமாகச் சுருங்கிவிடும். ஆனால் அந்த ஏற்பாடு உங்கள் பணி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா, மேலாளரின் தயவில் இருக்கிறதா? வீட்டுக் கடன் இருபது வருடத்துக்கு, மேலாளர் எத்தனை நாளைக்கோ.

இவ்வளவும் பார்த்த பிறகு என் கருத்தைக் கேட்டால்: உங்கள் நிலையில் நான் இப்போதே வாங்க மாட்டேன், ஆனால் போய்ப் பார்ப்பேன். அந்தப் புறநகரிலேயே ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம், ஒரு பள்ளித் தொடக்கம் மூன்றும் அதற்குள் வந்துவிடும். வீடு மாற்றும் செலவு இரண்டு முறை ஆகும்தான், தப்பான தெருவில் வீடு வாங்கி மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது அது சின்னத் தொகை. வாடகைக்கு வீடு தேடும்போது, புதிதாகப் பிரித்த மனைகளின் கடைக்கோடிக்குப் போகாமல், அந்தப் புறநகருக்குள் ஏற்கெனவே இருந்த பழைய ஊரை ஒட்டிப் பாருங்கள். முன்னோர்கள் குடியிருக்கப் பெரும்பாலும் மேட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், பள்ளத்தைப் பயிருக்கும் தண்ணீருக்கும் விட்டார்கள். இப்போது மனை போட்டு விற்பது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தை. பழைய ஊர்ப்பக்கம் வீடு சின்னதாக இருக்கும், தெரு குறுகலாக இருக்கும், வண்டி நிறுத்தச் சிரமப்படுவீர்கள். ஆனால் பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, ஒரு மருத்துவர், பகலிலும் ஆள் நடமாட்டம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும், அம்மாவும் யாரையும் எதிர்பார்க்காமல் நடந்தே போய் வரலாம். மழை வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று காட்டக்கூடிய ஆட்களும் அங்கேதான் இருப்பார்கள். வாங்கும் யோசனை மறுபடி வரும்போது மனை விற்பவரிடம் பேசுவதற்கு முன்பு அவர்களிடம் பேசுங்கள்.